பலாலியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? வன்னிப் பயணிகளுக்கான கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து விமானம் ஏறப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. விமானத் தூரங்கள் இரு விமான நிலையங்களின் ஆள்கூறுகளைக் கொண்டு கணக்கிட்ட நேர்கோட்டுத் தூரங்கள், அண்ணளவாக்கித் தந்திருக்கிறோம். வீதித் தூரங்களில் உங்கள் வீடு பிரதான வீதியிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வன்னிக்குள்ளேயே விமானம் ஏற முடியாதா? வவுனியாவிலும் இரணைமடுவிலும் ஓடுபாதை இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் இரண்டும் விமானப்படையின் பயன்பாட்டில் உள்ளவை. பொதுமக்கள் டிக்கெட் எடுத்துப் போகும் அட்டவணைச் சேவை அங்கிருந்து இல்லை. ஆகவே வன்னியில் இருப்பவருக்கு வடக்கே பலாலி (யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்), தெற்கே கட்டுநாயக்கா (கொழும்புக்குரிய சர்வதேச விமான நிலையம்) என்ற இரண்டு வாசல்தான். உள்ளூர்ப் பறப்புகளுக்கு இரத்மலானையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பலாலியிலிருந்து மற்ற நிலையங்களுக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம்?

சென்னை 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளி 184. இரத்மலானை 330. கட்டுநாயக்கா 290. திருகோணமலை சீனன்குடா 185. மட்டக்களப்பு 291. வவுனியா ஓடுபாதை 125.

இதில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். பலாலியிலிருந்து திருச்சியும் திருகோணமலையும் ஏறத்தாழ ஒரே தூரம். சென்னையும் இரத்மலானையும் கிட்டத்தட்ட சம தூரம். பலாலி அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. எயார் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் பயணத்தை இரத்மலானையில் தொடங்கி, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பலாலியில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அந்தக் காலத்து டக்கோட்டா விமானத்துக்குப் பாதி வழியில் இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கும் கிடையாது.

இந்தத் தூரத்தை நானே கணக்கிட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. நம் பக்கத்து நிலையங்களுக்கு அது மிக இலகு. அகலக்கோட்டில் ஒரு பாகைக்கு 60 கலை. வடக்குத் தெற்காக ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். இவ்வளவும் தெரிந்தால் போதும்.

பலாலியின் அகலக்கோடு வடக்கு 9 பாகை 48 கலை. சென்னை விமான நிலையம் வடக்கு 13 பாகை. வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை, அதாவது 192 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 355 கிலோமீற்றருக்குச் சற்று மேல். முடிந்தது. இரத்மலானை 6 பாகை 49 கலை, வித்தியாசம் 179 கலை, 331 கிலோமீற்றர். மேலே 330 என்று சொன்னதற்கும் இதற்கும் உள்ள ஒரு கிலோமீற்றர் வித்தியாசம் கலையை முழு எண்ணாக்கியதால் வந்தது.

வெறும் கழித்தலிலேயே விடை வருவதற்குக் காரணம், சென்னை, பலாலி, இரத்மலானை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், கிழக்கு 80 பாகையை ஒட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதுதான். திருச்சி அப்படியில்லை, அது மேற்கே தள்ளி 78 பாகை 43 கலையில் இருக்கிறது. அதற்குப் பாடசாலையில் படித்த பைதகரஸ் தேற்றம் வேண்டும். வடக்கு நோக்கி 58 கலை. மேற்கு நோக்கி 81 கலை. ஆனால் நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் நம் அகலக்கோட்டில் அதை 0.984ஆல் பெருக்க வேண்டும், 80 வரும். 58இன் வர்க்கத்தையும் 80இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99 கடல் மைல், 183 கிலோமீற்றர். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துத் தருவார்கள்.

இணையத்தில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு தூரம் போட்டிருக்கிறார்களே?

மூன்று காரணம். ஒன்று, சிலர் யாழ்ப்பாண நகரத்திலிருந்து சென்னை நகரத்துக்கு அளக்கிறார்கள், சிலர் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு. இரண்டு, மைல் என்று வெறுமனே எழுதினால் அது தரை மைலா கடல் மைலா என்று தெரியாது. தரை மைல் 1.609 கிலோமீற்றர்தான். மூன்று, விமானம் உண்மையில் பறக்கும் பாதையைச் சிலர் போடுகிறார்கள். அது நேர்கோட்டைவிடக் கூட.

தூரத்தில் வரும் பிழை சிறிது. நேரத்தில் வரும் பிழைதான் ஆளைக் கவிழ்க்கும். பல தானியங்கிக் கணிப்பான்கள் எந்த வழித்தடத்துக்கும் மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்தை நினைத்துக்கொண்டு, அதன் மேல் அரை மணித்தியாலம் கூட்டி விடை தருகின்றன. பலாலி–சென்னைக்கு அந்த வழியில் 57 நிமிடம் வரும். பலாலிக்கு வருவதோ சுழல் விசிறி பூட்டிய விமானம். அந்த 57 நிமிடத்தை நம்பிச் சென்னையில் அடுத்த விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

355 கிலோமீற்றருக்கு ஏன் 1 மணித்தியாலம் 15 நிமிடம்? மணிக்கு 500 கிலோமீற்றர் வேகமென்றால் 43 நிமிடம்தானே?

அட்டவணையில் இருப்பது வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. சில்லுக்கு வைத்த கட்டையை எடுக்கும் நேரத்திலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நேரம் வரை. அதைப் பிரித்துப் பார்ப்போம்.

விமானங்கள் வான்வழிக் குறிப்புப் புள்ளிகளைத் தொட்டுத்தான் போகும். கொழும்பு வான்பரப்பிலிருந்து சென்னை வான்பரப்புக்குக் கைமாற வேண்டும். ஓடுபாதையின் திசைக்கு வளைந்து இறங்க வேண்டும். இதற்கு நேர்கோட்டின் மேல் 8 வீதம் கூட்டினால் 383 கிலோமீற்றர் ஆகிறது. ஏறும்போது விமானம் முழு வேகத்தில் போகாது. முதல் 15 நிமிடத்தில் 75 கிலோமீற்றர் போனால் அதிகம். இறங்கும் 15 நிமிடத்தில் 90 கிலோமீற்றர் வைத்துக்கொள்ளலாம். மீதி 218 கிலோமீற்றரைத்தான் 500 வேகத்தில் பறக்கிறது, அது 26 நிமிடம். ஆக வானில் 56 நிமிடம். பலாலியில் நிலத்தில் உருள 4 நிமிடம், பெரிய நிலையமான சென்னையில் உருள 10 நிமிடம். 70 நிமிடம் ஆயிற்று. விமான நிறுவனம் ஐந்து நிமிடம் கைவசம் வைத்து 75 என்று போடுகிறது.

இது மாதிரிக் கணக்குத்தான், அன்றன்று மாறும். ஆனால் நேரம் எங்கே போகிறது என்பதை இது சரியாகக் காட்டும்.

திருச்சி தூரத்தில் பாதிதானே. அப்போ ஏன் அதற்கும் ஒரு மணித்தியாலம் போடுகிறார்கள்?

மேலே உள்ள கணக்கிலேயே விடை இருக்கிறது. ஏறுவது, இறங்குவது, உருளுவது, கைவசம் வைப்பது ஆகிய நான்கும் தூரம் குறைந்தாலும் பெரிதாகக் குறையாது. தூரம் பாதியானால் நடுவில் முழு வேகத்தில் பறக்கும் துண்டு மட்டும்தான் சுருங்கும். பலாலி–திருச்சியில் அந்தத் துண்டு பத்து நிமிடம்கூட வராது. ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடும். வானில் 35 நிமிடமளவில்தான் இருப்பீர்கள். அட்டவணை ஒரு மணித்தியாலம் என்று சொன்னாலும் அதற்கு முன்பே திருச்சியில் இறங்கிவிடுவது சாதாரணம்.

மதுரை, தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி பக்கம் போகிறவர்கள் பழக்கதோஷத்தில் சென்னைக்கு டிக்கெட் எடுப்பதைப் பார்க்கிறோம். சென்னையிலிருந்து திருச்சிக்குத் தரைவழியே 300 கிலோமீற்றருக்கு மேல் திரும்பத் தெற்கே வரவேண்டும். நேரே திருச்சிக்குப் போங்கள். அரை நாள் மிச்சம்.

எந்த விமானம் வருகிறது? பெரிய ஜெட் ஏன் வருவதில்லை?

பலாலி 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயார் மூலம் மறுபடி தொடங்கியது. இன்டிகோ 2024 செப்டெம்பர் 1 முதல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது. வருவது ஏ.டி.ஆர். 72 வகைச் சுழல் விசிறி விமானம், எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஏறலாம்.

காரணம் ஓடுபாதை. முழு எடையில் ஒரு ஏ.டி.ஆர். 72 மேலெழ ஏறத்தாழ 1,300 மீற்றர் போதும். எயார்பஸ் 320 போன்ற ஜெட்டுக்கு முழு எடையில் 2,000 மீற்றருக்கு மேல் வேண்டும், அதன் எடையைத் தாங்கும் தளமும் வேண்டும். இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள்: வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. சித்திரை வைகாசி மத்தியான வெயிலில் அதே விமானம் அதே எடையோடு மேலெழ இன்னும் நீளமாக ஓட வேண்டும். சிறிய ஓடுபாதையில் எடைக் கணக்கு இறுக்கமாக இருப்பதற்கும், பொதி எடையில் விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம்.

சோளகம், வாடை வீசும் காலத்தில் நேரம் மாறுமா?

மாறும், ஆனால் பயப்படுமளவுக்கு இல்லை. 383 கிலோமீற்றர் பாதையில் மணிக்கு 40 கிலோமீற்றர் எதிர்க்காற்று இருந்தால் ஏ.டி.ஆர். விமானத்துக்குக் கூடுவது நான்கு நிமிடம். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அக்காலத்தில் சென்னைக்குப் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது துணைக்காற்று. தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்தில் அது தலைகீழ். திருச்சிப் பாதை வடமேற்கு நோக்கியது. அதற்கு இரண்டு காற்றுமே பக்கவாட்டில்தான் படும், நேரத்தை அதிகம் மாற்றாது.

பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக, காற்றின் திசையிலேயே போடப்பட்டது. 05, 23 என்று அதில் எழுதியிருப்பது 50 பாகை, 230 பாகை என்பதன் சுருக்கம். வாடைக்கும் சோளகத்துக்கும் விமானம் காற்றை முகத்தில் வாங்கியபடி இறங்கலாம். அதனால் காற்றைவிட மழைதான் தொந்தரவு. கார்த்திகை மார்கழியில் மேகம் தாழ்ந்து ஓடுபாதை தெரியாவிட்டால் வானில் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது புறப்பட்ட இடத்திலேயே தாமதிப்பார்கள். வங்கக் கடலில் தாழமுக்கம் என்று செய்தி வந்தால் பயணத்துக்கு முதல் நாள் மாலையும், அன்று காலையும் விமான நிறுவனத்திடம் நிலைமை கேளுங்கள்.

பலாலி–இரத்மலானை உள்ளூர் விமானம் எவ்வளவு நேரம்?

செஸ்னா கரவான் போன்ற பன்னிரண்டு பேரளவில் ஏறும் சிறு விமானத்தில் 1 மணித்தியாலம் 15 முதல் 20 நிமிடம். அதன் வேகம் மணிக்கு 290 கிலோமீற்றரளவில் என்பதால் எதிர்க்காற்று இதற்கு நன்றாகவே உறைக்கும். 40 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் பதினோரு நிமிடம் கூடும். ஏறுமுன் பொதியை மட்டுமல்ல, ஆளையும் நிறுப்பார்கள். சிறு விமானத்தில் யார் எங்கே இருப்பது என்பதை எடை தீர்மானிக்கும், கோபிக்கக் கூடாது.

இந்த வழித்தடச் சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாக இருந்து வந்திருக்கின்றன. திகதி சொல்லி, இருக்கை உறுதியான பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். கிளிநொச்சிக்குத் தெற்கே இருப்பவருக்கு இது பெரும்பாலும் இலாபமில்லை. வடக்கே பலாலிக்குப் போய்க் காத்திருந்து, பறந்து, இரத்மலானையில் இறங்கி, கொழும்பு நெரிசலைத் தாண்டும் நேரத்தில் ஏ9 வீதி வழியே வந்த வான் வண்டி மதவாச்சியைத் தாண்டிப் பாதி வழிக்கு மேல் போயிருக்கும்.

எங்கள் ஊரிலிருந்து பலாலிக்குத் தரைவழியே எவ்வளவு?

கிளிநொச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியே சுமார் 115, இரண்டரை மணித்தியாலம். வவுனியாவிலிருந்து சுமார் 145, மூன்று மணித்தியாலம். மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், நாவற்குழி வழியே சுமார் 120, இரண்டரை மணித்தியாலம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்திராவிட்டால் மன்னார் ஆட்கள் ஏ9 பக்கம் சுற்றித்தான் வரவேண்டியிருக்கும்.

ஏ9ஆல் வருகிறவர்கள் யாழ்ப்பாண நகரத்துக்குள் போகவே தேவையில்லை. மீசாலையில் வலப்பக்கம் திரும்பிப் புத்தூர், அச்சுவேலி வழியே போனால் நகர நெரிசல் முழுவதும் தப்பும். பாடசாலை விடும் நேரத்தில் இதனால் அரை மணித்தியாலம்கூட மிச்சமாகும். காரின் வேகம் ஊருக்கு வெளியே மணிக்கு 70தான்; ஏ9இல் பொலிஸ் வேகமானியோடு நிற்பது தெரிந்ததுதானே. மேலே தந்த நேரங்கள் அந்த எல்லைக்குள் ஓடினால் வரும் நேரங்கள்.

வவுனியாவிலிருந்து சென்னைக்குப் போக பலாலி நல்லதா, கட்டுநாயக்கா நல்லதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், விளக்கமாகப் பார்ப்போம்.

பலாலி வழி: வீதியில் 3 மணித்தியாலம். நிலையத்தில் 3. பறப்பு 1¼. சென்னையில் குடிவரவு முடித்துப் பொதி எடுத்து வெளியே வர 1. மொத்தம் எட்டேகால்.

கட்டுநாயக்கா வழி: அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு ஊடாக சுமார் 230 கிலோமீற்றர், 5 முதல் 5½ மணித்தியாலம். நிலையத்தில் 3. பறப்பு ஜெட்டில் ஏறத்தாழ 1½. வெளியே வர 1. மொத்தம் பத்தரை முதல் பதினொன்று.

பறப்பு நேரத்தில் வித்தியாசம் கால் மணித்தியாலம்தான். முடிவைச் சொல்வது வீதி. இரு பக்க வீதி நேரமும் சமமாகும் இடம் எது என்று பார்த்தால் அது அநுராதபுரத்தை ஒட்டி வருகிறது. ஆகவே செட்டிகுளம், நெடுங்கேணி, ஓமந்தை உட்பட வன்னி முழுவதும் சென்னை, திருச்சிப் பயணத்துக்குப் பலாலிப் பக்கமே. மன்னாருக்கு இன்னும் தெளிவு: கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் அது மன்னாருக்கு மேலாகத்தான் போகிறது. மதவாச்சி சுற்றி ஏறத்தாழ 280 கிலோமீற்றர் தெற்கே ஓடி, விமானம் ஏறி, திரும்ப மன்னார் வானத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

கட்டுநாயக்காவுக்கு ஒரு பலம் உண்டு. அங்கிருந்து சென்னைக்கு ஒரு நாளில் பல விமானங்கள். ஒன்று தவறினால் அடுத்தது. மருத்துவத்துக்கு அவசரமாக, அன்றைக்கே போக வேண்டுமென்றால், அல்லது நடுராத்திரிப் பயணம்தான் வசதி என்றால், தூரம் கூடினாலும் அதைத் தேர்வது நியாயம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் கட்டுநாயக்காதான் நேர்வழி.

நான் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். உதாரணமாக விமானம் பிற்பகல் 3.30. பொதி ஏற்கும் கருமபீடம் சர்வதேசப் பயணத்துக்குப் பொதுவாக ஒரு மணித்தியாலம் முன்பு, 2.30க்கு மூடும். மூடினால் மூடியதுதான், விமானம் கண்ணுக்கு முன்னால் நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். 12.30க்கு வாசலில் நிற்பது நல்லது. முல்லைத்தீவிலிருந்து இரண்டரை மணித்தியாலம், சில்லுக் காற்றுப் போவதற்கும் பரந்தனில் தேநீருக்கும் அரை மணித்தியாலம். ஆக 9.30க்கு வெளிக்கிடுங்கள். விசுவமடுவில் ஆளேற்ற வேண்டும், பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும் என்றால் 9 மணி.

வழியனுப்ப ஒரு வான் நிறைய ஆட்கள் வரும்போதுதான் பிந்துகிறது. யார் பயணியோ அவருடைய கடவுச்சீட்டு, விசா அச்சுப்பிரதி, டிக்கெட் மூன்றும் வான் வெளிக்கிடுமுன் கையில் எடுத்துக் காட்டப்பட வேண்டும். கிளிநொச்சி தாண்டிய பிறகு கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியில் என்று தெரிந்தால் அன்றைய பயணம் போய்விடும்.

ரயிலில் வந்து விமானம் ஏறலாமா?

வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் காங்கேசன்துறை வரை பாதை இருக்கிறது. தெல்லிப்பளை, காங்கேசன்துறை நிலையங்கள் பலாலிக்குக் கிட்ட. அங்கிருந்து ஓட்டோ. ஆனால் ரயிலின் தாமதத்தை உங்கள் விமானம் பொறுக்காது. முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குவதென்றால் ரயில் நல்லது. அதே நாளில் என்றால் வேண்டாம்.

சென்னையில் இறங்கி வேறு விமானம் மாறுவதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும்?

ஒரே டிக்கெட்டில் இரண்டு பறப்புகளும் இருந்தால் குறைந்தது மூன்று மணித்தியாலம். தனித்தனி டிக்கெட் என்றால் ஐந்து. ஆறு இருந்தால் நிம்மதி. தனி டிக்கெட்டில் நீங்களே பொதியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்தியாவுக்குள் நுழைய வேண்டும். இந்திய விசா இல்லாதவர் அந்த இடத்தில் அகப்பட்டு நிற்பார். கனடா, சுவிஸ், ஜேர்மனியிலிருந்து பலாலி வழியாக ஊருக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு டிக்கெட் போடுமுன் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பலாலிக்கு நாளுக்கு ஒரு சேவை மட்டும் இருக்கும்போது அதைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான்.

கையில் என்ன கொண்டு போகலாம்?

ஏ.டி.ஆர். விமானத்தில் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. ஜெட்டில் ஏற்றும் சில்லுப் பெட்டி இங்கே உள்ளே போகாது. விமான வாசலில் வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். ஆகவே மருந்து, நகை, பத்திரங்களைத் தோளில் போடும் சிறு பையில் வையுங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் கையில்தான் இருக்க வேண்டும், கீழே போகும் பெட்டியில் கூடாது.

தேன், நெய், நல்லெண்ணெய், பாணிப் பனாட்டு எல்லாம் நூறு மில்லிலீற்றருக்கு மேல் கைப்பையில் போகாது. இரட்டைப் பையில் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரா வேண்டவே வேண்டாம். அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் நன்றாக அடைத்துப் பெரிய பெட்டியில் போடுங்கள். கருமபீடத்தில் பெட்டியைத் திறந்து மறுபடி கட்டும்போதுதான் வரிசை முழுவதும் பிந்துகிறது. எடையை வீட்டிலேயே தராசில் பாருங்கள். அனுமதி எத்தனை கிலோ என்பது உங்கள் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் கொண்டு போன அளவை நம்பாதீர்கள்.

வானம் தெளிவாக இருந்தும் விமானம் பிந்துகிறதே, ஏன்?

வந்த விமானமேதான் திரும்பிப் போகிறது. சென்னையிலிருந்து வந்து, ஆட்களை இறக்கி, பொதி இறக்கி, துடைத்து, ஏற்றி, முக்கால் மணித்தியாலத்தில் புறப்படுகிறது. அது வரும்போதே நாற்பது நிமிடம் பிந்தினால் நீங்களும் நாற்பது நிமிடம் பிந்துவீர்கள். அந்த விமானம் அன்று காலை வேறு எந்த ஊருக்குப் போய் வந்ததோ, அங்கே நடந்த தாமதமும் உங்கள் தலையில்தான் விழும். பலாலியில் மாற்று விமானம் நிற்பதில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிடுமுன், நீங்கள் ஏறும் பறப்பின் நிலையை அல்ல, அதற்காகப் பலாலிக்கு வரும் வருகை விமானத்தின் நிலையை இணையத்தில் பாருங்கள். ஆனால் பிந்துகிறது என்று கண்டதும் ஆறுதலாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். கருமபீடம் பழைய நேரத்துக்கே மூடக்கூடும்.

நேர வித்தியாசம் உண்டா?

இல்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 2006 ஏப்ரல் முதல் ஒரே நேரம்.

கப்பலில் போனால்?

காங்கேசன்துறை–நாகபட்டினம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர், கடலில் நாலு மணித்தியாலமளவில். பொதி கூடக் கொண்டு போகிறவர்களுக்கும், நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்களுக்கும் பொருந்தும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள், ஐப்பசி முதல் தை வரை அதை மட்டும் நம்பித் திருமண நாள் குறிக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது பலாலியிலிருந்து ஊருக்கு எத்தனை மணிக்கு வந்து சேரலாம்?

விமானம் இறங்கி 45 நிமிடத்தில் வெளியே வரலாம். நிலையம் சிறியது, ஒரு விமானத்து ஆட்கள்தான் வரிசையில். பொதி நிறைய இருந்தால் சுங்கத்தில் இன்னும் அரை மணித்தியாலம். பிற்பகல் 3 மணிக்கு இறங்கினால் 4 மணிக்கு வான் ஏறி, கிளிநொச்சிக்கு ஐந்தரை, வவுனியாவுக்கு 7 மணி. அதற்கு மேல் பிந்தினால் மாங்குளம், புளியங்குளம் பக்கம் இருட்டில்தான் ஓட வேண்டும். அங்கே மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு நடுவிலேயே படுத்திருக்கும், காட்டோரம் யானையும் கடக்கும். சாரதி காலையிலிருந்து ஓடியவரென்றால் கிளிநொச்சியில் நிறுத்திச் சாப்பிட வைத்து, அரை மணித்தியாலம் கண்ணயர விடுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கம் திரும்புகிறவர்கள் வானை முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம். இரவில் அந்தச் சந்தியில் இறங்கிவிட்டு அடுத்த பஸ் வரும் என்று பெட்டிகளோடு நிற்க முடியாது.